விழுந்த துணைக்கால்

மணமேல்குடி கடைத்தெருவில் என் ஸ்டூடியோவுக்கு அடுத்த கடை, தெருவே அக்கா என்று கூப்பிடுகிறவருடையது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, படகில் ஒட்டும் பெயர் எல்லாம் அங்கே தயாராகும். அச்சடிப்பது அறந்தாங்கியில். எழுத்தைக் கோத்து, படம் வைத்து, அழகுபடுத்தி அனுப்புவது அக்கா.

கடைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் கம்ப்யூட்டர் எங்கே என்று தேடுவார்கள். இருக்காது. சுவரில் ஒரு பழைய டிவி, மேசையில் கீபோர்டும் மவுசும், பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஒரு செல்போன் மல்லாந்து கிடக்கும். சூடேறாமல் இருக்க அதன் மேல் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். வேர்வையில் நனைந்து நிற்கிற வாடிக்கையாளர், ஃபேனைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பலாமா என்று பார்ப்பார். அக்கா மண்பானைத் தண்ணீரை மொண்டு கொடுப்பாரே தவிர ஃபேனைத் திருப்ப மாட்டார்.

புயல் அடித்த வருடம் கடையின் தகரக் கூரை பறந்து, அவருடைய கம்ப்யூட்டர் மழையில் ஊறிப் போய்விட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்த கணவர் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது இந்தப் போனைக் கொண்டுவந்தார். ஒயரை டிவியில் செருகினால் போனே கம்ப்யூட்டராக மாறிவிடும் ரகம். கொஞ்ச நாளைக்கு இதை வைத்து ஓட்டு, அப்புறம் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதையே வருடக்கணக்கில் ஓட்டினார்.

போனின் மொழியைத் தமிழில்தான் வைத்திருந்தார். நான் ஒருதடவை ஏன் என்று கேட்டேன்.

“தமிழ்ல நெனச்சு இங்கிலீஷ்ல தேடுறது எனக்கு ரெட்ட வேலை தம்பி” என்றார்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால், அவர் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்வேன். “சரியா வரலைக்கா” என்று யார் எதைப் பற்றி வந்து சொன்னாலும், “சரியா வரலைன்னா, எப்புடி வருது?” என்பார். பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. சரியில்லை என்பது வரைக்கும்தான் நமக்குத் தெரியும். அதற்கு மேல் நாம் பார்ப்பதில்லை. எரிச்சல்பட ஆரம்பித்துவிடுவோம். அக்கா எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தை அவர் பார்ப்பதற்குச் செலவழித்தார்.

எங்கள் தெருவில் கரண்ட் போனால் எல்லோரும் லைன்மேனுக்குப் போன் போட்டு, “கரண்ட் இல்ல, எப்ப வரும்” என்று கேட்போம். அக்கா பேசினால் வேறு மாதிரி இருக்கும். “டீக்கடைக்கு எதுத்த கம்பத்துல, காத்தடிக்கிறப்ப மட்டும் பொறி தட்டுதுங்க. காத்து நின்னா வெளக்கு எரியிது. முருங்கக் கெளை ஒண்ணு கம்பியில ஒரசுற மாதிரி தெரியிது.” லைன்மேன் நேராக அரிவாளோடு வந்து இறங்குவார்.

அந்தப் பழக்கத்தின் பெரிய சோதனை என் விசிட்டிங் கார்டில் தொடங்கியது. கார்டு அச்சாகி வந்தபோது என் கடைப் பெயரில் ‘ஸ்டூடியே’ என்று இருந்தது. கோ, யோ போன்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு துணைக்கால் வருமே, அது விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து, அதே சொல்லைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். போன் திரையில் சரியாக இருந்தது. டிவியில் போட்டாலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால், டிவியில் எழுத்துப் பெட்டியைப் பிடித்து ஒடுக்கும்போது, அந்தச் சொல் வரியின் கடைசியில் போய் நின்றால், துணைக்கால் மட்டும் காணாமல் போனது. ‘போட்டோ’ ‘போட்டே’ ஆனது. ‘ஆட்டோ’ ‘ஆட்டே’ ஆனது.

“கண்டுபுடிச்சாச்சுல்ல, இனிமே ஒடுக்காதீங்க” என்றேன்.

“நான் ஒடுக்க மாட்டேன். இதே போன வச்சிருக்கிற இன்னொரு ஆளு ஒடுக்குவான்ல?”

அன்றைக்கே போன் கம்பெனிக்கு எழுதினார். தமிழில் எழுதி, மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு, ஆங்கிலத்தில் அனுப்புவார். நீளமாக எழுதினால் அது தப்பும் தவறுமாகப் பெயர்க்கும் என்பதால், நாலைந்து சொல்லில் முடிகிற வாக்கியங்களாக எழுதுவார். இதைச் செய்தேன். இது நடந்தது. இது நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். குறை சொல்லும் சொல் ஒன்றும் இருக்காது. பதில் உடனே வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, போனை ஒருமுறை அணைத்துத் திறந்து பாருங்கள். அணைத்தார், திறந்தார், பார்த்தார். துணைக்கால் வரவில்லை. அணைத்துத் திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது என்று திரும்ப எழுதினார். அதற்கும் நன்றி வந்தது.

இந்த நிலையில்தான் இளங்கோவின் போஸ்டர் வந்தது.

கடலுக்குப் போய்த் திரும்பாத பையன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அவன் தம்பி வந்து போஸ்டருக்குச் சொல்லிவிட்டுப் போனான். எல்லாம் முடிந்து அனுப்பப்போகிற நேரத்தில், அம்மா ஆசைப்படுகிறார்கள், அண்ணன் படத்தை இன்னும் பெரிதாக வைத்துவிடுங்கள் என்று போன் வந்தது. படம் பெருத்தது, பக்கத்திலிருந்த எழுத்துப் பெட்டி ஒடுங்கியது. பெயர் வரியின் கடைசியில் போய் நின்றது. அச்சகத்திலிருந்து அவசரப்படுத்தினார்கள். அக்கா திரும்பப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, ஊரெல்லாம் ஒட்டி முடித்த பிறகு, தம்பி கடை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, அண்ணன் பேரு இளங்கேன்னு இருக்கு” என்றான். சத்தம் போடவில்லை. “பஸ் ஸ்டாண்டுல பயலுக படிச்சுச் சிரிக்கிறாய்ங்க.”

அக்காவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். டிவியில் போஸ்டரைத் திறந்து, அந்த வரியைப் பார்த்தார்.

“தப்பு என் கையில நடந்திருக்கு தம்பி” என்றார்.

சமாதானமாகப் போகட்டும் என்று நான் உள்ளே நுழைந்து, “இது போன்ல இருக்கிற கோளாறுப்பா. அக்கா கம்பெனிக்கே எழுதிப் போட்டிருக்காங்க” என்றேன்.

அக்கா என்னைக் கையால் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துச் சொன்னார். “ஒங்க அண்ணன எனக்குத்தான் தெரியும். போனுக்குத் தெரியாதுல்ல. நான் பாத்திருக்கணும். வாங்க, போவோம்.”

மேசையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டார். நான் பைக்கை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவர், கோயில் மதிலுக்கு எதிரே, டீக்கடைப் பக்கவாட்டு, ஒவ்வொரு இடமாக நிறுத்தினோம். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அச்சில் இருந்த தடிமனுக்குச் சரியாக, ‘கே’ எழுத்துக்குப் பக்கத்தில் துணைக்காலை வரைந்தார். ஒருவர் நின்று, “என்னங்க, போஸ்டர்ல கிறுக்குறீங்க?” என்று கேட்டார். “பேரு தப்பா இருந்துச்சுங்க, நான்தான் தப்பாப் போட்டேன்” என்று அவருக்கும் பதில் சொன்னார்.

தம்பி எங்கள் பின்னாலேயே சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். மீன் ஏலம் நடக்கும் கொட்டகைக்குப் போனபோது இறங்கிக் கிட்டே வந்தான்.

“இத நான் போடுறேன்க்கா.”

அக்கா மார்க்கரைக் கொடுத்தார். அவன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்து வரைந்தான். துணைக்கால் கோணலாக, கீழே நீண்டு விழுந்தது. எதையும் கோணலாக விடாத அக்கா, அதைத் திருத்தவில்லை. மார்க்கரை மூடி வாங்கிக்கொண்டு, “வாங்க தம்பி” என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் கம்பெனிக்கு எழுதுவது ஒரு நோன்பு மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் கோபமாக எழுதவில்லை. இறந்துபோனவர் ஒருவரின் பெயர் தவறாக அச்சானது என்று மட்டும் ஒரு வாக்கியம் சேர்த்தார்.

அக்காவின் கண்ணால் என் குடும்பத்துக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். என் மகள் அப்போது சின்ன வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் நேராக அக்கா கடைக்குத்தான் வருவாள். அந்தப் பெரிய டிவியில் எழுத்துகள் ஓடுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். ஒரு சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்கிட்டு வாங்க. பாப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். கத சொல்லிக்கிட்டே இருந்தா. பாதி வார்த்தையில நின்டுட்டா. கண்ணு ஒரே எடத்துல நிக்கிது, எமை படபடன்னு அடிக்கிது. பேரச் சொல்லிக் கூப்புட்டேன், தோளத் தொட்டேன், திரும்பல. கொஞ்சத்துல அவளே மிச்ச வார்த்தையச் சொல்லிக் கதைய விட்ட எடத்துலருந்து ஆரம்பிக்கிறா. நடுவுல நின்னதே அவளுக்குத் தெரியல. போன வாரமும் இப்புடித்தான் நடந்துச்சு. அப்ப வெளையாடுறான்னு விட்டுட்டேன்.”

“பகல் கனவு காணுறான்னு டீச்சரும் சொல்றாங்கக்கா. வீட்லயும் கூப்புட்டா காதுல வாங்க மாட்டா” என்றேன்.

“கனவு காண்றவ தொட்டாத் திரும்புவா. இவ திரும்பல. இது என்னன்னு எனக்குத் தெரியாது. நான் பாத்தது இதுதான்.”

விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி, உடனே காட்டிவிடலாம் என்றாள். புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்க்கக் கிளம்பியபோது அக்கா அவளிடம், “அங்க போயி ‘ஒரு மாதிரியா இருக்கா’ன்னு சொல்லாத. என்ன செஞ்சுக்கிட்டிருந்தா, என்ன ஆச்சு, அப்புறம் என்ன செஞ்சா, அத மட்டும் சொல்லு” என்றார். அவள் அப்படியே சொன்னாள். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, மகளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, அது பறக்கிற மாதிரி விடாமல் ஊதச் சொன்னார். ஊதிக்கொண்டே இருந்தவள் அவர் கண் முன்னாலேயே நின்றுபோனாள். காகிதம் கையில் அப்படியே தொங்கியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஊதினாள்.

வலிப்பில் இது ஒரு வகை என்றார் டாக்டர். கை கால் இழுக்காது, கீழே விழாது என்பதால் வீட்டில் கண்டுகொள்ளாமலே போய்விடும், படிப்பில் பின்தங்கிய பிள்ளை என்று திட்டிக்கொண்டிருப்பார்கள் என்றார். மருந்து கொடுத்தார். மாதங்கள் போக அது நின்றது. மருந்தையும் பிறகு நிறுத்தினார்கள். நானும் மனைவியும் அக்கா கடைக்குப் பழத்தட்டோடு போனோம். அவர் என் மகளின் கன்னத்தைத் தடவி, “இப்ப முழுசாச் சொல்லு அந்தக் கதைய” என்றார்.

இப்படிப் பார்க்கிற கண்ணோடு வாழ்வது வீட்டில் எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்காது. போனே கம்ப்யூட்டர் என்பதால், அவருக்கு வரும் அழைப்பும் டிவியில்தான் வரும். ஒருநாள் கடையில் ஆள் இருக்கும்போதே சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு மேலே அக்காவின் கணவர் முகம், சுவர் அளவுக்கு. பொங்கலுக்கு வர முடியாது, லீவு இல்லை என்றார்.

“தீவாளிக்கும் கடைசி வாரத்துலதான் இப்புடிச் சொன்னீங்க” என்றார் அக்கா, தன் வழக்கமான குரலில். “லீவு கேட்டு இல்லைன்னாங்களா, இல்ல கேக்கலையா?”

கணவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “நான் என்ன ஒன் போனா?”

அக்கா ஒயரைப் பிடுங்கினார். டிவி நீலமானது. போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். அன்று அவர் எதையும் திருத்தவில்லை, எதையும் யாரிடமும் கேட்கவில்லை. கணவர் பொங்கலுக்கு வரவில்லை. சித்திரையில் வந்து இரண்டு மாதம் இருந்தார், கடைக்கூரைக்கு நல்ல ஷீட் போட்டுக் கொடுத்தார்.

ஒருவழியாகக் கம்பெனியில் யாரோ ஒரு மனிதர் படித்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தோம், எங்களுக்கு அப்படி நடக்கவில்லை, முடிந்தால் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அக்கா என்னிடம் வந்தார். கல்யாணத்துக்கு எடுக்கிற கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, விளக்கு வைத்து, டிவி பளபளக்காமல் திரை கட்டினேன். ஆரம்பத்தில் டைட்டில் போட்டு லேசாக மியூசிக் வைக்கலாமா என்று கேட்டேன்.

“நிச்சயதார்த்தமா நடக்குது? என் கையும் டிவியும் தெரிஞ்சாப் போதும்.”

அவர்களுக்குப் புரியட்டும் என்று, போனின் மொழியை மட்டும் நான் ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்தேன். அக்கா ‘ஸ்டூடியோ’ என்று அடித்து, பெட்டியை ஒடுக்கினார். துணைக்கால் விழவில்லை. மறுபடி ஒடுக்கினார். அப்படியே நின்றது. ‘இளங்கோ’ என்று அடித்தார். அதுவும் அசையவில்லை.

நான் கேமராவை நிறுத்தினேன். இவ்வளவு நாள் இல்லாத ஒன்றைப் பற்றியா எழுதிக்கொண்டிருந்தோம் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பவும் செய்யாதது இன்னைக்கு என்ன செஞ்சோம் தம்பி?”

“ஒண்ணும் செய்யலையேக்கா. வெளக்கு வச்சோம். மொழிய மாத்துனேன்.”

“மாத்துனத மாத்துங்க.”

தமிழுக்கு மாற்றினேன். அவர் ஒடுக்கினார். துணைக்கால் விழுந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் நின்றது. தமிழுக்கு வந்தால் விழுந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சின்னப் பெண் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

“அவங்க பொய் சொல்லல பாருங்க. அவங்க போனு இங்கிலீஷ்ல இருக்கும். அவங்களுக்கு எப்புடி விழும்?”

இரண்டையும் எடுத்து அனுப்பினோம். தெருவில் இது தெரிந்தவர்கள் எல்லோரும், மொழியை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டால் முடிந்தது என்றார்கள். அக்காவும் அடம்பிடிக்கவில்லை. அடுத்தவர் பெயரை அடிக்கும்போதெல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார். வேலை முடிந்ததும் தமிழுக்குத் திருப்பி, ஒருமுறை ஒடுக்கிப் பார்ப்பார். விழுந்துகொண்டுதான் இருந்தது. கம்பெனியிலிருந்து, வீடியோ கிடைத்தது, உரியவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

மகளின் படிப்புக்காக நான் ஸ்டூடியோவைப் புதுக்கோட்டைக்கு மாற்றிக்கொண்டேன். அக்காவோடு பேச்சு நல்ல நாள் பெரிய நாளோடு குறைந்துபோனது. போன வருடம் நான் அதே கம்பெனியின் புதுப் போன் ஒன்று வாங்கினேன். ஒருநாள் அதற்கு அப்டேட் வந்தது. என்னென்ன சரிசெய்தோம் என்று கீழே போட்டிருந்ததை நான் எப்போதும் படிப்பதில்லை. அன்று ஏதோ கை போனபடி தள்ளினேன். பெரிய திரையில் சில மொழிகளில் எழுத்துகள் முழுமையாகத் தெரியாத பிழை சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது.

கடையில் காத்திருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, போனைத் தமிழுக்கு மாற்றி, ஒயரை டிவியில் செருகி, என் கடைப் பெயரை அடித்து ஒடுக்கினேன். ஒடுக்கி ஒடுக்கிப் பார்த்தேன். பிறகு அக்காவைப் போனில் கூப்பிட்டு, அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

“வரிக் கடைசிக்குக் கொண்டுபோயிப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பாத்தேன்க்கா.”

“துணைக்காலு நிக்கிதா?”

“நிக்கிதுக்கா.”

“சில மொழிகள்னா போட்டிருக்கான்?” என்றார். “தமிழ்னு போடலையா?”

“இல்லைக்கா. ஒங்க பேரும் போடல.”

“என் பேரு எதுக்கு? சில மொழிகள்னா, மலையாளத்தாளு, வங்காளத்தாளு, யாரு யாருக்கோ இது விழுந்திருக்கு தம்பி. யாருக்கும் ஏன்னு தெரியாம முழிச்சிருப்பாங்க.” அவர் குரலில் இருந்தது சந்தோஷம்தான்.

அதைக் கெடுக்க மனமில்லாமலே சொன்னேன். “ஒங்க போனுக்கு இது வராதுக்கா. பழைய மாடலுக்கெல்லாம் அப்டேட்ட நிறுத்திட்டாங்களாம்.”

“வராட்டி என்ன? எனக்குத்தான் எங்க விழும்னு தெரியுமே. தெரியாதவங்களுக்குத்தான சரியாகணும்.”

அந்தப் பக்கம் கடைக்குள் யாரோ வந்த சத்தம் கேட்டது. “வாங்க, ஒக்காருங்க, யாருக்குக் கல்யாணம்?” என்று அவர்களிடம் கேட்டுவிட்டு, “வச்சிரவா தம்பி, பாப்பாவக் கேட்டேன்னு சொல்லுங்க” என்றார் அக்கா.